பிரிலிம் ஆண்டை எங்கே கழிப்பது?

“ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரே டூட்டியில் எண்பது பேரைப் பார்த்திருக்கிறேன் மாமா. இங்கே ஒரு இன்டர்னுக்கு அதிகபட்சமே பத்து நோயாளிகள்தானாம். இதற்கா இத்தனை பயமுறுத்தல்?” என்று கேட்டாள் அக்காள் மகள். கோவையில் எம்.பி.பி.எஸ். முடித்தவள். அமெரிக்காவில் ரேடியாலஜிக்கு விண்ணப்பித்து, நேர்காணல்களையும் முடித்துவிட்டு, விருப்பப் பட்டியலை எந்த வரிசையில் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் இதே கேள்வியை, இதைவிடத் திமிராக, ஒரு சீனியரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரேடியாலஜி, தோல் மருத்துவம், கதிர்வீச்சுப் புற்றுநோய் சிகிச்சை, மயக்க மருத்துவத்தில் ஒரு பகுதி ஆகியவற்றில் அமெரிக்கப் பயிற்சி பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் தொடங்குகிறது. முதல் ஆண்டைப் பொது மருத்துவத்திலோ அறுவை சிகிச்சையிலோ கழித்துவிட்டு வர வேண்டும். அதுதான் பிரிலிமினரி ஆண்டு, வாய்வழக்கில் பிரிலிம். முதல் ஆண்டில் இருப்பவர்தான் இன்டர்ன். அதற்குத் தனி விண்ணப்பம், தனி நேர்காணல். விண்ணப்பதாரர் பட்டியலையும் மருத்துவமனைப் பட்டியலையும் பொருத்தி இடம் ஒதுக்கும் முறைக்கு மேட்ச் என்று பெயர். அதில் ரேடியாலஜிப் பட்டியலோடு கோத்துவிடும் துணைப் பட்டியலும் தனி. ஜூலையில் உள்ளே போனால் அடுத்த ஜூனில் வெளியே வந்துவிடுவோம். வாடகை வீடு மாதிரிதான். குடியிருப்பவர் சுவரில் ஆணி அடிக்க மெனக்கெடுவதில்லை, வீட்டுக்காரரும் ஒழுகலை அடைக்க அவசரப்படுவதில்லை.

அவள் கையில் நான்கு வாய்ப்புகள். பெருநகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்று. புறநகரில் நடுத்தர அளவுள்ள கம்யூனிட்டி மருத்துவமனை ஒன்று. காப்பீடு இல்லாதவர்களும் வீடற்றவர்களும் வந்து சேரும் கவுண்டி மருத்துவமனை ஒன்று. நான்காவது, பல பிரிவுகளில் மாறி மாறி வேலை பார்க்கும், எல்லோரும் ஏங்குகிற ட்ரான்சிஷனல் இயர். பெயர்கள் இங்கே தேவையில்லை. எந்த மாநிலத்தில் தேடினாலும் ஏறக்குறைய இதே நான்கு வகைதான் கண்ணில் படும்.

முதலில் அந்த எண்பது, பத்து விவகாரம். நம் ஊரில் எண்பது பேரைப் பார்த்தேன் என்றால், பெரும்பாலும் ஊசி, டிரிப், டிரெஸ்ஸிங், ரத்த மாதிரி, கேஸ் ஷீட்டில் இரண்டு வரி. முடிவு பி.ஜி.யுடையது, பொறுப்பு அதற்கும் மேலே. இங்கே பத்துப் பேர் என்றால் அந்தப் பத்துப் பேரின் எல்லாமும் இன்டர்ன் தலையில். காலை ஆறு மணிக்கு வந்து, இரவில் என்ன நடந்தது, சிறுநீர் எவ்வளவு போயிற்று, பொட்டாசியம் எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் பார்க்க வேண்டும். நேரில் போய்ப் பரிசோதித்து, ரவுண்ட்ஸில் ஒப்பித்து, மருந்துகளைக் கணினியில் ஏற்றி, ஆளுக்கு ஒரு முழுக் குறிப்பு எழுத வேண்டும். இதய மருத்துவரைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும். காலையில் மகளுக்குச் சொன்ன விளக்கத்தை மாலையில் மகனுக்கும் சொல்ல வேண்டும். மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பக் காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் அதற்கு ஒரு போராட்டம். நடுநடுவே பேஜர்.

பத்து என்பது அங்கீகார அமைப்பான ஏ.சி.ஜி.எம்.இ. பொது மருத்துவ இன்டர்னுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு. அதற்குமேல் ஒரே நேரத்தில் பொறுப்பு தரக் கூடாது. நேர்காணலில் எல்லோரும் ‘எங்கள் இன்டர்ன்களுக்குச் சராசரியாக இத்தனை பேர்தான்’ என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். அவளும் குறித்து வைத்திருந்தாள்: பல்கலைக்கழகத்தில் 8, கம்யூனிட்டியில் 7, கவுண்டியில் 10. இந்த மூன்று எண்களை மட்டும் பார்த்தால் கவுண்டி மருத்துவமனைதான் கொடுமை என்று தோன்றும்.

ஆனால் நோயாளி எத்தனை நாள் தங்குகிறார் என்று கேட்டீர்களா? வேலையைக் கூட்டுவது படுத்திருக்கும் நோயாளி அல்ல, வருகிறவரும் போகிறவரும்தான். புதிதாக ஒருவரைச் சேர்த்தால் வரலாறு கேட்டு, பரிசோதித்து, பழைய மருந்துகளைச் சரிபார்த்து, குறிப்பு எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம். வீட்டுக்கு அனுப்ப முக்கால் மணி நேரம். ஆக ஒரு படுக்கை கைமாறினால் இரண்டேகால் மணி நேரம் காலி. சும்மா இருக்கும் நோயாளிக்கு நாளைக்கு அரை மணி நேரம் போதும். இவை என் அனுபவக் கணக்குகள். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

இப்போது பெருக்கிப் பார்ப்போம். பல்கலைக்கழகத்தில் அவளுக்குச் சொல்லப்பட்ட வார்டில் நெஞ்சு வலி, இதயச் செயலிழப்பு என்று சராசரி மூன்று நாள் தங்கல். எட்டுப் படுக்கை, மூன்று நாள் என்றால் தினமும் 2.7 பேர் மாறுகிறார்கள். மாற்றத்துக்கு 6 மணி நேரம், அன்றாடப் பார்வைக்கு 4 மணி நேரம், மொத்தம் 10. கவுண்டியில் பத்துப் பேர், ஆனால் சராசரி ஆறு நாள். மாறுவது தினமும் 1.7 பேர்தான், மாற்றத்துக்கு 3.75, பார்வைக்கு 5, மொத்தம் 8.75. கம்யூனிட்டியில் ஏழு பேர், நான்கு நாள் தங்கல். மாற்றத்துக்கு ஏறக்குறைய 4, பார்வைக்கு 3.5, மொத்தம் ஏழரை. எட்டுப் பேரை வைத்திருக்கும் இடம் பத்துப் பேரை வைத்திருக்கும் இடத்தைவிடக் கனமாக இருப்பது இப்படித்தான்.

கவுண்டியில் தங்கல் ஏன் நீள்கிறது என்பதும் தெரிய வேண்டும். நோய் தீர்ந்திருக்கும்; போக இடம் இருக்காது. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் படுக்கைக்காகக் காத்திருப்பவர், காப்பீடு இல்லாததால் எந்த இல்லமும் ஏற்காதவர். ரெசிடென்ட்கள், அதாவது பயிற்சி மருத்துவர்கள், இவர்களைப் ‘பாறை’ என்பார்கள். இரக்கமில்லாத பட்டப்பெயர்தான். ஆனால் காலை ஆறு மணிக்குப் பட்டியலில் நான்கு பாறைகளைப் பார்க்கும் இன்டர்ன் மனத்துக்குள் நன்றி சொல்வான். நானும் சொல்லியிருக்கிறேன்.

இதைக் கேட்டதும் “அப்படியானால் கவுண்டியைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே போட்டுவிடலாமா?” என்றாள். அவசரப்படாதே என்றேன். அந்த எட்டே முக்கால் மணி நேரத்தில் எடுபிடி வேலை சேரவில்லை.

என் பிரிலிம் ஆண்டில் ஒரு பிப்ரவரி இரவு. நைட் ஃப்ளோட்டில் இருந்தேன். அதாவது பகல் அணிகள் வீட்டுக்குப் போனபின் அவர்களுடைய நோயாளிகளை இரவு முழுக்கக் கவனிக்கும் வேலை. அன்று என் பொறுப்பில் 58 பேர். ஒரே தாளை நான்காக மடித்து மேல்சட்டைப் பையில் வைத்திருந்தேன். அந்த மருத்துவமனையில் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை ரத்தம் எடுக்க ஆள் கிடையாது. செவிலியர் இரண்டு முறை குத்திப் பார்த்துவிட்டால் அப்புறம் இன்டர்ன்தான். மூன்றரை மணிக்கு ஒரு பாட்டியின் பொட்டாசியத்தை மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. முழங்கையில் நரம்பு இல்லை, புறங்கையில் இருந்தது ஊசி பட்டதும் நழுவியது. கடைசியில் பாதத்தில் ஒன்று கிடைத்தது. பாட்டி திட்டவில்லை, “குளிருகிறதா தம்பி, கை இப்படிச் சில்லிட்டிருக்கிறதே” என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். குழாயை ஆய்வகத்துக்கு அனுப்பும் காற்றுக்குழல் அன்று பழுது. நானே நான்கு மாடி இறங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாற்பது நிமிடம் கழித்து ஆய்வகத்திலிருந்து அழைப்பு: ரத்த அணுக்கள் உடைந்துவிட்டன, மறுபடி எடுங்கள். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் பேஜர் பதினொரு முறை கத்தியது. எந்தப் பணி அட்டவணையிலும் இந்த ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம் கிடையாது.

ரத்தம் எடுக்க ஆள், நரம்பில் ஊசி ஏற்றத் தனிக் குழு, நோயாளியை ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போக ஆள், மொழிபெயர்ப்பாளர், டிஸ்சார்ஜுக்கு ஓடுகிற சமூகப் பணியாளர் ஆகிய ஐந்தும் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். வார நாள்களில் இருந்து ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போகும் இடங்கள் உண்டு. அவளுடைய கவுண்டி மருத்துவமனையில் இரண்டு இல்லை. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று நான் ஏற்றிப் போட்டேன். கவுண்டியும் பல்கலைக்கழகமும் சமமாகி நின்றன. கம்யூனிட்டி மட்டும் தள்ளி நின்றது.

வாரம் 80 மணி நேரம் என்ற விதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நியூயார்க்கில் 1984இல் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் இறந்தபின் கிளம்பிய சர்ச்சையில் பிறந்தது அது. அந்த மாநிலம் 1989இல் வரம்பு வைத்தது. நாடு முழுவதற்கும் ஏ.சி.ஜி.எம்.இ. 2003இல் கொண்டுவந்தது. 2011இல் இன்டர்னுக்கு ஒரே மூச்சில் 16 மணி நேரத்துக்குமேல் கூடாது என்றார்கள்; 2017இல் அதைத் தளர்த்தி மறுபடி 24 மணி நேரமும், ஒப்படைப்புக்காக மேலும் 4 மணி நேரமும் ஆக்கிவிட்டார்கள். நான் அந்த 16 மணிக் காலத்து இன்டர்ன். இவள் அந்த இடைவெளியைத் தவறவிட்டாள்.

80 என்பது நான்கு வாரச் சராசரி. இரண்டு வாரம் 95, இரண்டு வாரம் 65 என்று உழைத்தாலும் சராசரி 80தான், விதிமீறல் இல்லை. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு என்பதும் சராசரிதான். அந்த ஒரு நாள் எப்போது வருகிறது என்பதில் இருக்கிறது வாழ்க்கை. சனி, ஞாயிறு இரண்டும் சேர்ந்து கிடைத்தால் அதற்குக் கோல்டன் வீக்கெண்ட் என்றே பெயர். மாதத்துக்கு ஒன்றாவது உத்தரவாதமா என்று கேட்கலாம். சம்பளக் கணக்கு போடவே வேண்டாம். வருடத்துக்கு 65,000 டாலர், வாரம் 68 மணி நேரம், ஐம்பது வாரம் என்று வைத்தால் மணிக்கு 19 டாலர் வருகிறது.

இரவில் எண்ணைவிடத் துணை முக்கியம். பெரிய மருத்துவமனையில் ஒரு இன்டர்ன் அறுபது பேரைக் கவனிப்பது பயங்கரமாகத் தெரியும். ஆனால் அங்கே ஒரு சீனியர் ரெசிடென்ட் அதே மாடியில் இருப்பார். நோயாளி திடீரென்று மோசமானால் ஓடி வரும் குழு இருக்கும், ஐசியூவில் விழித்திருக்கும் மருத்துவர் இருப்பார். சிறிய இடத்தில் முப்பது பேர்தான். ஆனால் ஐசியூ மருத்துவர் வீட்டில் தூங்கிக்கொண்டு போனில் பேசுவார். முப்பது பேரோடு தனியாக நிற்பதைவிட அறுபது பேரோடு மூன்று பேராக நிற்பது மேல். அவளுடைய கம்யூனிட்டி மருத்துவமனையில் இரவு முழுக்க அட்டெண்டிங் எனப்படும், பயிற்சி முடித்த மூத்த மருத்துவர் ஒருவர் கட்டடத்திலேயே இருக்கிறார் என்று தெரிந்தபோதுதான் எனக்கு அந்த இடத்தின் மீது நம்பிக்கை வந்தது.

இனி ட்ரான்சிஷனல் இயர். பொது மருத்துவம், அவசரப் பிரிவு, அறுவை சிகிச்சை, வெளிநோயாளர் பிரிவு, நாமே தேர்ந்தெடுக்கும் விருப்பச் சுழற்சிகள் என்று கலந்து வரும் ஆண்டு அது. இலகுவானது என்ற பேச்சு நிலைத்துவிட்டதால் தோல் மருத்துவத்துக்கும் ரேடியாலஜிக்கும் போகிற, மதிப்பெண்ணை அள்ளி வைத்திருக்கிற கூட்டம் இதை மொய்க்கிறது. பெயரை நம்பாதே, சுழற்சியை எண்ணு என்றேன். ஆண்டை நான்கு நான்கு வாரமாக 13 துண்டாக வெட்டுவது இங்கே வழக்கம். அவளுக்கு வந்த ட்ரான்சிஷனல் இயரில் வார்டு 4, ஐசியூ 2, அறுவை சிகிச்சை 2, அவசரப் பிரிவு 1, வெளிநோயாளர் 1, விருப்பம் 2, விடுமுறை 1. கம்யூனிட்டி பிரிலிமில் வார்டு 5, ஐசியூ 1, இரவு 1, அவசரப் பிரிவு 1, விருப்பம் 4, விடுமுறை 1. இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் அவள் வாயடைத்துப்போனாள். அறுவை சிகிச்சையில் இரண்டு துண்டு என்றால் எட்டு வாரம் காலை ஐந்து மணி ரவுண்ட்ஸ். வெறும் பெயருக்காக அதை வாங்கிக்கொள்ள வேண்டுமா?

விருப்பச் சுழற்சி நான்கு என்று துள்ளுவதற்குமுன் இரண்டு விஷயம். ரேடியாலஜிக்குப் போகிறவர் முதலாண்டில் குறைந்தது 36 வாரம் நோயாளியோடு நேரடிப் பணி செய்திருக்க வேண்டும். நான்கையும் எக்ஸ்ரே இருட்டறையில் உட்கார்ந்து கழிக்க முடியாது. இரண்டாவது, ஜெப்பர்டி. யாராவது காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தால் அந்த இடத்துக்கு இழுக்கப்படுகிற மாற்று ஆள் பட்டியல்தான் அது. விருப்பச் சுழற்சியில் இருப்பவர்தான் வழக்கமாக மாட்டுவார். பல மருத்துவமனைகளில் மூன்றாண்டு முழுப் பயிற்சிக்கு வந்த இன்டர்ன்களுக்கு நிலையான வெளிநோயாளர் கிளினிக் உண்டு. நான்கு வாரம் வார்டு, ஒரு வாரம் கிளினிக் என்று அவர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். பிரிலிமுக்குக் கிளினிக் கிடையாது. அந்த ஐந்தாவது வாரத்தில் பிரிலிமை எங்கே போடுகிறார்கள்? சில இடங்களில் விருப்பச் சுழற்சியில். சில இடங்களில், ஓட்டை விழுந்த வார்டில். இந்த ஒரு பதிலை வைத்தே ஓர் இடம் பிரிலிமை மாணவராகப் பார்க்கிறதா, அடைப்பானாகப் பார்க்கிறதா என்று சொல்லிவிடலாம்.

கேட்பதை யாரிடம் கேட்பது? பயிற்சி இயக்குநரிடம் கேட்டால் கையேட்டில் இருப்பதுதான் வரும். எங்கள் காலத்தில் நேர்காணலுக்கு முந்திய இரவு ரெசிடென்ட்களோடு ஒரு விருந்து இருக்கும். இரண்டாவது தட்டு வரும்போது உண்மை வெளியே வரும். 2020இலிருந்து நேர்காணல் பெரும்பாலும் திரையில்தான். தட்டும் இல்லை, உண்மையும் கொஞ்சம் குறைவு. ஆகவே கேள்வி கூர்மையாக இருக்க வேண்டும். “வேலை அதிகமா?” என்றால் “சமாளிக்கலாம்” என்பார்கள். “நேற்று எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனீர்கள்?” என்றால் ஒரு மணிக்கணக்கு வந்தே தீரும். “கடைசியாக ஜெப்பர்டியில் எப்போது இழுக்கப்பட்டீர்கள்?” என்பது அடுத்தது. இந்த வருட பிரிலிம் ஒருவரிடம் கேட்க வேண்டும். அப்படி ஒருவரைப் பேசவே விடாத இடமாக இருந்தால், அதுவே பதில்.

வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்களுக்குச் சுமைக்கு முன்னால் விசா நிற்கிறது. பயிற்சிக்கான ஜே-1 விசா மட்டும் என்று சொல்லும் இடங்கள் நிறைய. எச்-1பி என்ற வேலை விசா தருகிற இடமாக இருந்தால் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் மூன்றாம் படியை (ஸ்டெப் 3) முன்பே முடித்திருக்க வேண்டும். அதை இன்னும் எழுதாதவர்கள் இன்டர்ன் ஆண்டில் இரண்டு நாள் தேர்வுக்குப் படிக்கும் நேரத்தையும் சுமைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அவளுக்கு நான்கு இடமும் ஜே-1க்குச் சம்மதித்ததால் அந்தத் தலைவலி இல்லை. ஊர் மாற்றம் இன்னொன்று. ரேடியாலஜி கிடைக்கும் ஒவ்வோர் ஊருக்கும் வெவ்வேறு துணைப் பட்டியலைக் கோக்கலாம் என்பது பலருக்கும் தெரிவதில்லை. பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கும் ஊரிலேயே ரேடியாலஜியும் கிடைத்தால், ஒரு வருடத்தில் இரண்டு முறை மூட்டை கட்டும் கூலியையும் அலைச்சலையும் அது மிச்சப்படுத்தும். அந்த ஊருக்கான பட்டியலில் மட்டும் அதை இரண்டாவதாக ஏற்றினோம்.

பல்கலைக்கழக மருத்துவமனைக்காக நான் ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். சுமை குறைவாக வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் சுமையே இல்லாத ஓர் ஆண்டில் நோய் முற்றிய மனிதரைப் பக்கத்தில் நின்று பார்க்காமலேயே இருட்டறைக்குப் போய்விடும் ஆபத்து உண்டு. ரேடியாலஜிஸ்ட்கள் அறிக்கையின் அடியில் ‘மருத்துவ அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்று எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வதாகக் கேலி உண்டு. அதிகாலை மூன்று மணிக்கு அந்த வரியை வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டவன் நான். இன்று அதை எழுத விரல் போகும்போது அந்தப் பாட்டியின் வார்டு நினைவுக்கு வருகிறது. அழித்துவிட்டு, எனக்குத் தோன்றுவதை நேராக எழுதுகிறேன். அதனால்தான் பல்கலைக்கழகத்தைக் கடைசியில் தள்ளாதே என்றேன்.

பொதுவான வரிசை இப்படி ஆயிற்று: கம்யூனிட்டி, ட்ரான்சிஷனல் இயர், பல்கலைக்கழகம், கவுண்டி. நான்குக்கும் கீழே ஓர் அறுவை சிகிச்சை பிரிலிமையும் போடச் சொன்னேன். முகம் சுளித்தாள். ரேடியாலஜி கிடைத்து முதலாண்டு கிடைக்காமல் போனால், மேட்ச் வாரத்தின் திங்கள்கிழமை காலியிடங்களுக்காக ஓடுகிற கூட்டத்தில் நிற்க வேண்டும். அங்கே மீந்து கிடப்பதும் பெரும்பாலும் அறுவை சிகிச்சை பிரிலிம்தான். ஓடிப் பிடிப்பதை உட்கார்ந்தே பிடித்துக்கொள்ளலாம். ஒருவழியாக ஐந்தாவதாகச் சேர்த்தாள்.

“பட்டியலை உறுதிசெய்யும் பொத்தானை அழுத்தினாயா? சேமித்தால் மட்டும் போதாது, உறுதிசெய்யாத பட்டியலை அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.”

“கெடு முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது மாமா. நாளைக்கு.”

அழுத்தி முடிக்கும்வரை நான் போனை வைக்கவில்லை.